இருகூற்றுக் கோலும் அதன் மூட்டும்

கோல் பலவகைப்படும். மன்னன் கையிற் செங்கோல், வணிகன் கையில் துலாக்கோல், உழவன் கையில் தாற்றுக்கோல், புலவன் கையில் எழுதுகோல், முதியோர் கையில் ஊன்றுகோல் என அவரவர் தொழிற்கும் பருவத்திற்கும் ஏற்ப ஒவ்வொரு கோல் அமைந்திருத்தலைக் காண்கின்றோம். இவற்றுள் யாதொன்றிலும் அடங்காத கோல் ஒன்று நம் விடுதியின் பொழுதுபோக்கு மண்டபத்துச் சுவரோரம் நிற்கின்றது. பச்சைக் கம்பளம் விரித்த மேசையின்மேற் பந்துகளை உருட்டி ஆடும் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆகிய ஆட்டங்களுக்குரிய கோலே அது. அதனைக் கியூ என்பர். அக்கோலைப் பற்றியும், சிறப்பாக அதன் இரு கூறுகளும் கூடுமிடமாகிய மூட்டைப் பற்றியும் யாம் பட்டறிந்த சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு இஃது என்ன பொருள் என நண்பர் சிலர் நகைக்கக் கூடும். முழுவதும் படித்தபின் நகைக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம்.

இவ்வாட்டங்கள் அயலார் கொணர்ந்தனவே. ஆயினும் ஸ்நூக்கர் நம் நாட்டிற் பிறந்த குழந்தை. 1875ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஜபல்பூரிலிருந்த ஆங்கிலப் படையினர் பொழுது போகாது பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றிக் கூடியிருந்த காலத்து, நெவில் சேம்பர்லேன் என்னும் இளைஞர் புதிய ஆட்டத்தை வகுத்து அதற்கு அப்பெயரிட்டார் என்பர். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பதே. பின்னர் 1882ஆம் ஆண்டில் நம் நீலகிரியிலுள்ள உதகமண்டலத்துச் சங்கத்தில் அவ்வாட்டத்தின் விதிகள் எழுதப்பெற்றன. 1958ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் நடந்த போட்டியில் வில்சன் ஜோன்ஸ் என்பார் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் உலகப் பட்டம் பெற்று நாட்டிற்குப் புகழ் தேடித் தந்தார். ஆட்டத்தின் வரலாறு கூறுவார் பலருளர். கோலின் வரலாறு கூறுவார் சிலரே. மூட்டைப் பற்றிக் கூறுவாரையோ யாம் கண்டிலோம்.

கோலுக்கு மூட்டு எதற்கு? கோலின் நீளம் ஏறத்தாழ 57 அங்குலம். இவ்வளவு நீண்டதொன்றை நன்னிலத்துப் பேருந்தில் ஏற்றிச் செல்ல முயல்வோர், ஏறுமுன் நடத்துநரோடும் ஏறியபின் பிரயாணிகளோடும் வழக்காட வேண்டும். ஆதலின் சொந்தக் கோல் உடையார் அதனை இரண்டாகப் பிரித்துப் பெட்டியில் வைத்துச் செல்வர். கைப்பிடிப் பக்கத்தை அடிக்கோல் என்றும், பந்தைத் தொடும் பக்கத்தை நுனிக்கோல் என்றும் யாம் இக்கட்டுரையில் வழங்குவோம். ஸ்நூக்கர்க் கோலின் நுனிப்பகுதி பெரும்பாலும் ஆஷ் என்னும் மரத்தாலும், பூல் கோலினது மேப்பிள் மரத்தாலும் ஆவன. அடியிற் கருங்காலி முதலிய கனத்த மரங்களைக் கூட்டுவர். அடிக்கோலின் முகத்தில் மரையாணி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நுனிக்கோலின் முகத்தில் அதனை ஏற்கும் மரைக்குழி இருக்கும். உலக்கைக்குப் பூண் இடுவதுபோல இரண்டு முகங்களுக்கும் பித்தளைப் பூண் இட்டிருப்பர். இவையெல்லாம் கூடியதே மூட்டு.

பந்தை அடிக்கும்பொழுது அடியின் விசை நுனியிலிருந்து பின்னங்கை வரை கோல் முழுவதும் ஓடுகின்றது. அங்ஙனம் ஓடுங்கால் அதனை மறிக்கக் கூடிய இடம் மூட்டு ஒன்றே. இரு முகங்களும் முழுவதும் ஒன்றையொன்று தழுவி நின்றால் கோல் இரண்டென்பது கைக்குத் தெரியாது. இடையில் ஒரு மயிரிழை வெளி இருப்பினும் கை அதனை அறியும், செவியும் அறியும்.

எம் பெரியப்பா பொன்மலை ரயில்வே பட்டறையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ரயில்வேத் தொழிலாளர் மன்றத்தின் மேசையில் மாலைதோறும் ஆடிப் பழகியவர். தம் முதற் சேமிப்பில் வாங்கிய இருகூற்றுக் கோல் ஒன்றை முப்பது ஆண்டுக்கு மேல் வைத்து ஆடினார். நீரிழிவு அவர் கண்ணொளியைக் கவர்ந்துகொண்டபின் கோல் பெட்டிக்குட் கிடந்தது. யாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு அப்பெட்டியை எம் கையில் தந்து, “தம்பி, எனக்குத்தான் மேசை தெரியவில்லை; கோலுக்குத் தெரியும். கொண்டுபோ” என்றார்.

முதலாண்டு கோல் நன்றாகவே இருந்தது. இரண்டாமாண்டு ஐப்பசி மழை தொடங்கிய பின்னர் ஒவ்வோர் அடிக்கும் மூட்டில் ‘கிண்’ என்றொரு ஒலி எழலாயிற்று. கார்த்திகையில் அவ்வொலி உடைந்த மணியின் ஒலிபோற் கரகரத்தது. நகரத்து விளையாட்டுப் பொருட் கடையொன்றிற் காட்டினோம். கடைக்காரர் கோலை ஒரு முறை தட்டிப் பார்த்து, “இது இனிக் கோலன்று, விறகு, புதிது வாங்குங்கள்” என்றார். அவர் சொன்ன விலை எம் ஒரு பருவத்து விடுதிக் கட்டணத்தை ஒத்திருந்தது. விலையைக் காட்டிலும் ‘விறகு’ என்ற சொல்லே எம்மை வருத்திற்று. அரையாண்டு விடுமுறையிற் கோலுடன் நன்னிலம் சேர்ந்தோம்.

பெரியப்பாவிடம் செய்தியைக் கூறினோம். அவர் கடைக்காரரை வையவில்லை. “பணம் கேட்கும் நோய் எது, துணி கேட்கும் நோய் எது என்று முதலிற் பிரித்துக்கொள்” என்றார். பிறகு கோலைக் கையில் வாங்கிச் செவியால் ஆராயத் தொடங்கினார். அவர் கற்பித்த முறையை அவ்வண்ணமே கீழே தருகின்றோம்.

ஒலி மூட்டிலிருந்துதான் வருகின்றது என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. கோல் நெடுகிலும் ஒலி ஓடுமாதலின் நுனியிலெழும் ஒலியும் மூட்டிலெழுவது போலத் தோன்றும். எனவே முதலிற் கோலைப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, கைமுட்டியால் மெல்லத் தட்ட வேண்டும். நுனிக்கோல் தனியே கரகரத்தால் நுனியின் தோல் வில்லையோ, அதனைத் தாங்கும் சிறு பித்தளைக் குப்பியோ ஒட்டு விட்டிருக்கலாம். அடிக்கோல் தனியே கரகரத்தால் அதன் கடைசியிலுள்ள ரப்பர் அடிப்பகுதி, உள்ளிருக்கும் எடையாணி, மூட்டின் பூண், மரையாணி ஆகிய நான்கனுள் ஒன்று தளர்ந்திருக்கலாம். இரண்டும் தனித்தனியே வாய்பேசாதிருந்து, கூட்டியபின் மட்டும் ஒலித்தால் குற்றம் இரு முகங்களும் சந்திக்கும் இடத்தது என்க.

அடுத்தது உருட்டிப் பார்த்தல். கூட்டிய கோலைச் சமமான மேசைமேல் உருட்டினால் நடுவில் எழும்பி எழும்பித் தாழ்கின்றதா என்று நோக்க வேண்டும். பின்னர் இரு கூறுகளையும் தனித்தனியே உருட்ட வேண்டும். தனித்தனியே நேராக உருண்டு, கூடியபின் துள்ளினால் மரம் வளையவில்லை. முகங்களே சரிவரப் பொருந்தவில்லை. மூன்றாவது, மூட்டை விளக்கிற்கெதிரே பிடித்துச் சுற்றிப் பார்த்தல். ஒரு பக்கம் ஒளிக்கீற்றுத் தெரியின் அங்கே வெளியுண்டு. பெரியப்பாவிற்கு ஒளி தெரியாதாகையால் மெல்லிய காகிதத் துண்டொன்றை இடையிற் செருகிப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் அது புகுந்தது. மறு பக்கம் புகவில்லை.

இவற்றையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்த பொழுது எமக்கு நம் வகுப்பிற் கற்ற புணரியல் நினைவிற்கு வந்தது. நிலைமொழியும் வருமொழியும் யாதொரு மாறுதலுமின்றிக் கூடுதல் இயல்பு புணர்ச்சி. பொன்னும் மலையும் கூடிப் பொன்மலை ஆவது அதற்குக் காட்டு. பெரியப்பா பணியாற்றிய ஊரும் அதுவே. மாறுதலுறுவது விகாரப் புணர்ச்சி. அவ்விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பது நன்னூலார் கொள்கை. அடிக்கோலை நிலைமொழியாகவும் நுனிக்கோலை வருமொழியாகவும் கொண்டால் மூட்டின் குற்றங்கள் யாவும் இம்மூன்றனுள் அடங்குகின்றன. இலக்கணத்தில் விகாரம் குற்றமன்று, மொழிக்கு அழகே. கோலுக்கோ இயல்பு புணர்ச்சி ஒன்றே ஏற்றது. வேற்றுமை இவ்வளவே.

தோன்றலாவது, முன்பு இல்லாத ஒன்று இடையில் வந்து புகுதல். ஆட்டக்காரர் நுனியிற் பூசும் சுண்ணத்தூள், கை வியர்வை, பெட்டியின் பஞ்சிழை, பித்தளையிற் பிடிக்கும் களிம்பு ஆகிய யாவும் முகத்திலும் மரையிலும் படியும். கோலைப் பூட்டுந்தோறும் அவை இறுகித் தகடாகின்றன. கோலை ஒரு பக்கம் எழுப்பி நிறுத்த அத்தகடு போதும். இதற்கு மருந்து எளிது. உலர்ந்த துணியால் முகங்களைத் துடைக்க வேண்டும். மரையாணியைப் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். மெல்லிய குச்சியிற் பஞ்சு சுற்றி மரைக்குழியைத் துப்புரவு செய்ய வேண்டும். களிம்பு போகாவிடின் பஞ்சிற் சிறிது ஸ்பிரிட்டு தோய்த்துப் பித்தளையை மட்டும் துடைக்கலாம். நீர் ஆகாது. எண்ணெயும் ஆகாது, அது மரத்தின் வெட்டுமுகத்தில் ஊறிப் பசையின் பிடியைக் கெடுக்கும், தூசியையும் கூட்டி வைத்துக்கொள்ளும். பித்தளை மரை பித்தளைக் குழியில் கடினமாகச் சுழன்றால், மெழுகுவர்த்தியை மரையில் ஒரு முறை இழுத்து மிகுதியைத் துடைத்துவிடின் போதுமானது.

யாம் எம் கோலைத் துடைத்தபொழுது கருநீலமான பொடி ஒரு சிட்டிகை உதிர்ந்தது. மறுபடி உருட்டினோம், துள்ளல் நின்றது. காகிதமும் எப்பக்கத்தும் புகவில்லை. ஒலியிற் பாதி குறைந்தது. மறு பாதி நின்றது.

திரிதலாவது, உள்ள பொருளே வடிவு மாறுதல். மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நார்க்குக் குறுக்கே பருக்கும்; நார் ஓடும் வழியில் நீளுதல் மிகச் சிறிது. பித்தளை ஈரத்தாற் பருப்பதில்லை. எனவே மழைக்காலத்தில் மரம் பூணை மீறிப் புடைக்கும். கோடையிற் பூணுக்குள் ஒடுங்கும். மூட்டின்மேல் விரலை ஓட்டினால் படிபோலத் தடுப்பது இதனாலேயே. காவிரிப் படுகையில் வாழும் எமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? ஐப்பசியிற் சாத்தமுடியாத கதவு தையிற் றானே சாத்திக்கொள்வதை வீடுதோறும் காண்கின்றோம். அக்கதவை ஐப்பசியில் இழைத்துவிட்டுச் சித்திரையில் இடுக்கு வழியே தெருவைப் பார்ப்பவரையும் காண்கின்றோம். கோலுக்கும் அவ்வாறே. பருவத்தால் வந்தது பருவத்தாற் போகும். சிறு புடைப்பைக் கண்டவுடன் உப்புத்தாள் எடுத்தல் தகாது. முகங்களைக் கையால் தேய்த்தலோ முற்றிலும் விலக்கத் தக்கது. கை எத்துணைத் தேர்ந்ததாயினும் ஒரு பக்கம் மிகத் தேயும், பிறகு இரு முகங்களும் ஒருநாளும் பொருந்தா. அது கடைசல் இயந்திரத்தின் தொழில்.

முதிர்ந்த மரத்தின் அருமையை எம் நாட்டார் நன்கறிவர். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர், பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த ஆச்சா மரத்தையே விரும்பித் தேடுகின்றனர். பல்லாண்டு வெயிலும் மழையும் கண்டு அடங்கிய மரம் பின்னர்த் திரியாது என்பதே காரணம். அவ்விசைக் கருவிக்கு 2022ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகசுரமும் மூட்டுக்களாலாகிய கருவியே. உலவின் ஒரு முனையில் அணசும், மறு முனையிற் கெண்டையும் சீவாளியும் பொருந்தி நிற்கின்றன; அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் சுருதி நில்லாது.

கெடுதலாவது, இருந்த ஒன்று இல்லாமற் போதல். மரை தேய்தல், பூணின் ஒட்டு விடுதல், மரையாணியின் வேர்ப்பிடி தளர்தல் ஆகியன இவ்வகை. இதுவே எம் கோலின் எஞ்சிய நோய். பெரியப்பா மரையாணியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி அசைத்தார். கண்ணுக்குப் புலப்படாத ஓர் அசைவு அவர் விரலுக்குப் புலப்பட்டது. “இது பணம் கேட்கும் நோய்தான். ஆனால் கோலின் விலையைக் கேட்காது” என்றார்.

நன்னிலத்திற் கடைசல் பட்டறை வைத்திருக்கும் முதிய ஆசாரியாரிடம் சென்றோம். அவர் அதுவரை அத்தகைய கோலைக் கண்டவரல்லர். ஆயினும் ஆணியைப் பார்த்தவுடன், “இரண்டரை நூல் ஆணி, அங்குலத்துக்குப் பதினெட்டு மரை; நம் கடைத்தெரு நட்டே ஏறும்” என்றார். பின்னர்ச் சிறிது தயங்கினார். ஆணி பழைய பசையில் நிற்கின்றது. சூடேற்றினால்தான் பசை இளகும். சூடு மிகுந்தால் மரம் வெடிக்கும். வெடித்தால் தாம் ஒன்றும் செய்ய இயலாது என்று மறையாது சொன்னார்.

யாம் விடையிறுக்க மாட்டாது வீடு திரும்பிப் பெரியப்பாவிடம் உரைத்தோம். அந்தக் கோலைப் பற்றி அவர் கூறிய கதைகள் எமக்குத் தெரியும். அவர் கையாற் பிடித்துப் பிடித்துக் கருங்காலி கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. வெடித்துவிட்டால் அவர்க்கு எஞ்சுவது வெறும் பெட்டி. சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “பெட்டிக்குள் முழுதாகக் கிடப்பதைக் காட்டிலும் மேசையின்மேல் உடைந்து போகட்டும். செய்யச் சொல், தம்பி, நானும் வருகின்றேன்” என்றார்.

ஆசாரியார் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் முனையை மரையாணியின் தலையில் மட்டும் வைத்தார், சிறிது பொழுதில் எடுத்தார், மரத்தைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி வைத்தார். இங்ஙனம் பல முறை. பிறகு ஆணியில் இரண்டு நட்டுக்களை ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றை எதிரெதிராக இறுக்கி, அடி நட்டைத் திருகுசாவியால் மெல்லத் திருப்பினார். ‘கிறீச்’ என்றோர் ஒலி. பெரியப்பா, “மரம் அன்று, பசை” என்றார். ஆணி வெளிவந்தது. அதன் அடியில் பழைய பசை பொடிப்பொடியாக நொறுங்கியிருந்தது. முப்பது ஆண்டு தாங்கிய பசை அது. அதனைக் குறை கூறுவதற்கில்லை.

குழியைச் சுரண்டித் தூசி போக்கி, இரு கலவைப் பசையில் விரைவில் இறுகும் வகையை விலக்கி, மெல்ல இறுகும் வகையைப் பூசி ஆணியை அமைத்தார். முகங்களுக்கிடையே நடுவில் துளையிட்ட மெழுகுத்தாளை வைத்து, மரையில் மெழுகு தடவி நுனிக்கோலைப் பூட்டினார். ஆணி தானே நேர்பட நிற்பதற்கும், வழியும் பசை நுனிக்கோலைப் பற்றாமைக்கும் இதுவே வழி. உருட்டிப் பார்த்து, கோலை நிமிர்த்தி மூலையில் நாட்டி, “நாளை இந்நேரம் வரை யாரும் தொடலாகாது” என்றார். கூலியாக அவர் பெற்றது கடைக்காரர் கூறிய விலையில் ஐம்பதில் ஒரு பங்குமன்று.

விடுதிக்கு மீண்டபின் முதல் ஆட்டத்தன்று கைப்பேசியை மேசையோரத்தில் வைத்து நன்னிலத்தோடு தொடர்பு கொண்டோம். மூன்று அடி அடித்தோம். மறுமுனையில் ஓசையொன்றும் இல்லை. நான்காவது அடிக்குப் பின், “இன்னும் கொஞ்சம் மெதுவாக அடி” என்றார் பெரியப்பா. மூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனினும் சிறந்த நற்சான்று யாம் வேண்டிலோம்.

இனி, கோலுடைய நண்பர்க்கும், நம் மண்டபத்துப் பொதுக்கோல்களை ஆள்வோர்க்கும் சில கூறி அமைவோம். பூட்டுமுன் இரு முகங்களையும் துணியால் ஒரு முறை துடையுங்கள். மரையைக் கோணலாகப் புகுத்தாதீர். முதலில் இடப்பக்கம் சிறிது திருப்பி, மரை மரையில் விழும் மெல்லிய ஒலியைக் கேட்டபின் வலப்பக்கம் திருப்புங்கள். முகங்கள் கூடியவுடன் நிறுத்துங்கள். வலிமை காட்டும் இடம் அதுவன்று. ஆட்டத்தின் நடுவே தளர்கின்றதா என்று இடையிடையே பாருங்கள். பிரிக்க வராவிடின் குறட்டை எடுக்காதீர். உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்திருந்து, பின் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளால் இருவர் இருபுறமும் பற்றித் திருப்பினால் பெரும்பாலும் வரும். பிரித்த கூறுகளின் முகங்களுக்கு மூடி இடுங்கள். சுவரிற் சாய்த்து வைத்தால் கோல் வளையும். பரணில் வைத்தால் வெம்பும். நனைந்த பெட்டியில் வைத்தால் ஊதும். மூட்டருகே மரத்திற் கீறல் கண்டால் அன்றே ஆட்டத்தை நிறுத்தித் தொழில் வல்லாரிடம் காட்டுங்கள்.

மண்டபத்துக் கோல்களுள் இரண்டு கரகரக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. அவற்றை நீக்கிப் புதியன வாங்க வேண்டுமென்று விடுதிக் குழுவிற்கு விண்ணப்பம் ஒன்று எழுதப்பட்டுள்ளதாகக் கேள்வியுற்றோம். விண்ணப்பம் செல்லுமுன் ஒரு துணியும் ஒரு பல் துலக்கியும் கொண்டு அரைமணிப் பொழுது எம்மோடு செலவிட விரும்புவோர், சனிக்கிழமை மாலை மண்டபத்திற்கு வருக.